சாஃப்ட்பாலில் முதல் தடவை பேஸ் அம்பயராக நிற்கப் போகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்குப் போனால் இரண்டு அணியும் வந்திருக்கும், பிளேட் அம்பயர் வந்திருப்பார், பேஸ் அம்பயர் மட்டும் வந்திருக்க மாட்டார். எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கத்து ஆட்டங்களில் இது வாடிக்கை. உடனே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பிடித்து, "நீ போய் அங்க நில்லுப்பா, இன்னா பெரிய வேலை, அவுட்டா சேஃபான்னு சொல்லப் போற" என்று அனுப்பிவிடுவார்கள். நானும் அப்படி மாட்டியவன்தான். அன்றைக்கு இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் இரண்டு அணியும் என்னைத் திட்டியிருந்தன. ஒரே ஆளை இரண்டு பக்கமும் ஒற்றுமையாகத் திட்டியது அந்த மைதானத்தில் அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள்.

அப்படி மாட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆட்டம் ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால், அதாவது பந்தை மெதுவாக வளைத்துப் போட்டு ஆடுவது. அடித்தவர் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்று மூன்று பேஸையும் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். அம்பயர்கள் இரண்டு பேர், ஒருவர் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், இன்னொருவர் நீங்கள். சங்கத்துக்குச் சங்கம் விதிப்புத்தகத்தில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், உங்கள் போட்டியில் எந்தப் புத்தகம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்கிற இடமும் ஓடுகிற வழியும் பெரிதாக மாறாது.

நமக்கெல்லாம் கிரிக்கெட் தெரியும், அங்கிருந்தே தொடங்கலாம். பந்துவீச்சு முனையில் ரன் அவுட் வரும்போது அம்பயர் ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்று பார்ப்பாரா? பக்கவாட்டில் ஓடி, கிரீஸ் கோட்டுக்கு நேராக வந்து, அசையாமல் நின்று பார்ப்பார். பேஸ் அம்பயர் வேலை முழுக்க முழுக்க அதுதான். ஆனால் கிரிக்கெட்டில் கிரீஸ் எங்கேயும் போய்விடாது. இங்கே நீங்கள் பார்க்க வேண்டிய பேஸ் மூன்று, பந்து எந்தப் பக்கமிருந்தும் வரும், ஆகவே ஒவ்வொரு அடிக்கும் உங்கள் "கிரீஸ்" வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. கேரம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கிட்டத்தில் இருப்பது பெரிதல்ல, ஆங்கிள்தான் பெரிது. புதிதாக வருகிறவர் பேஸ் மேல் ஏறி நிற்கிற மாதிரி கிட்டே ஓடிப்போவார். கிட்டே போனால் பார்வை குறுகிவிடும், காலைப் பார்த்தால் கையுறை தெரியாது, கையுறையைப் பார்த்தால் கால் தெரியாது.

ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம்

பிளேட் அம்பயரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஃபர்ஸ்ட் பேஸைத் தாண்டி வலது கோட்டோரம் விழும் பந்து ஃபேரா ஃபவுலா, அதாவது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பது யார் பொறுப்பு, உயரப் பந்தின் பின்னால் நான் பேஸ்களைத் தாண்டிய அவுட்ஃபீல்டுக்குப் போய்விட்டால் ரன்னர்களை யார் பார்ப்பது, ஃபர்ஸ்ட் பேஸில் இருந்தவர் தேர்டு பேஸுக்கு ஓடினால் அங்கே யார், இன்ஃபீல்டு ஃப்ளை (என்னவென்று பின்னால் சொல்கிறேன்) வாய்ப்பு வந்தால் ஒருவருக்கொருவர் என்ன சாடை. இவ்வளவும் பேசாமல் இறங்கினால் ஒரே ரன்னருக்கு ஒருவர் அவுட் என்பார், மற்றவர் சேஃப் என்பார், அதற்கப்புறம் அந்த ஆட்டம் ஆட்டமாக இருக்காது. நாங்கள் வைத்திருக்கும் சாடை, நெஞ்சில் கை வைத்தால் இன்ஃபீல்டு ஃப்ளை இருக்கிறது, கவனம் என்று அர்த்தம். நீங்கள் தொப்பியைத் தொட்டாலும் சரி, இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

அப்புறம் எல்லை. வடசென்னை மைதானம் ஒன்றில் ஒரே நேரத்தில் நாலு ஆட்டம் நடக்கும். உங்கள் லெஃப்ட் ஃபீல்டர் நிற்கும் இடத்தில் பக்கத்து கிரிக்கெட் அணியின் டீப் மிட்விக்கெட் நிற்பார், பின்னால் ஃபுட்பால் பையன்கள், ஓரத்தில் ஆட்டோ. பந்து ஆட்டோ அடியில் போனால் என்ன, கால்வாயில் விழுந்தால் என்ன, வேடிக்கை பார்க்கிறவர் காலில் பட்டால் என்ன என்பதை இரண்டு கேப்டன்களையும் வைத்துக்கொண்டு முன்பே பேசி முடிக்க வேண்டும். பந்து போன பிறகு பேசினால் அது பஞ்சாயத்து. ஓவர்த்ரோவில் பந்து ஆடுகிற எல்லையைத் தாண்டிவிட்டால் ரன்னர்களுக்கு இரண்டு பேஸ் கிடைக்கும், அதுவும் எறிந்தவர் கையை விட்டுப் பந்து கிளம்பிய நொடியில் யார் எங்கே இருந்தாரோ அங்கிருந்து இரண்டு. எல்லையைத் தாண்டிய நொடியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு எறிக்கும் ரன்னர் எங்கே இருக்கிறார் என்று ஒரு ஓரப்பார்வை பார்த்துவைத்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு வேண்டும், பந்து கால்வாயில் விழுந்த பிறகு எல்லாரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

சூரியனையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஆட்டத்தில் கடல் பக்கமிருந்து வெயில் கண்ணுக்கு நேராகத் தாழ்வாக வரும். தொப்பி கட்டாயம். ஷூ ஓடுவதற்கானதாக இருக்கட்டும், செருப்போடு நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் எடுக்கும் டபுள் பிளேயில் செருப்பு செகண்ட் பேஸிலும் ஆள் ஃபர்ஸ்ட் பேஸிலும் இருந்தார்கள்.

பேஸில் யாரும் இல்லை

நிற்க வேண்டிய இடம் ஃபர்ஸ்ட் பேஸைத் தாண்டி 18-20 அடி பின்னால், ஃபவுல் கோட்டுக்கு வெளியே. பேஸிலிருந்து பின்பக்கமாக ஏழு பெரிய தப்படி எண்ணிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய வந்துவிடும். இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும், உடம்பு ஹோம் பிளேட்டைப் பார்த்து இருக்கட்டும். பந்து வருகிற நேரத்தில் கைகளை முட்டியில் ஊன்றிச் சிலை மாதிரி உட்கார வேண்டாம், ஒரு அடி முன்னால் எடுத்து வைத்துக் கிளம்பத் தயாராக இருந்தால் போதும்.

ஸ்லோ பிட்ச் என்பதால் பந்து மெதுவாக வளைந்து வரும், தரையிலிருந்து குறைந்தது 6 அடி உயரத்துக்காவது எழும்பித்தான் வர வேண்டும். அந்த வளைவைப் பார்த்து மயங்காதீர்கள். வருவதுதான் மெது, மட்டையில் பட்டுப் போவது மெது இல்லை. ஃபாஸ்ட் பிட்ச்சில் பேஸுக்குப் பேஸ் 60 அடி, இங்கே பெரியவர்கள் ஆட்டத்தில் 65 அல்லது 70 வைப்பார்கள். தடுக்க ஒன்பது பேருக்குப் பதில் பத்துப் பேர், அவுட்ஃபீல்டில் ஒரு ஆள் கூடுதல். ஆகவே பந்து திரும்பி வருவதும் வேகமாக வரும்.

இப்போது பந்து தரையோடு ஷார்ட் ஸ்டாப்பிடம், அதாவது செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்பவரிடம் போகிறது. அவர் எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிவார். நீங்கள் கோட்டைத் தாண்டி உள்ளே சில அடி வந்து, எறி வருகிற பாதைக்குக் குறுக்காக, செங்குத்துக் கோணம் கிடைக்கிற மாதிரி நில்லுங்கள். பேஸிலிருந்து 15-18 அடி தூரம் இருக்கட்டும். நில்லுங்கள் என்றால் நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் கண்ணும் சேர்ந்து குலுங்கும், பார்த்தது எல்லாம் சேஃப் மாதிரியும் இருக்கும், அவுட் மாதிரியும் இருக்கும். இரண்டு அடி குறைவாகப் போனாலும் பரவாயில்லை, பந்து வந்து சேரும் நேரத்தில் கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும்.

அதே பந்து செகண்ட் பேஸ்மேனின் இடது கைப்பக்கம் போனால், அதாவது ஃபர்ஸ்ட் பேஸுக்கும் அவருக்கும் நடுவில், உள்ளே வராதீர்கள். எறி உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரும், அவர் எறிவதற்கும் குறுக்கே நிற்பீர்கள். அப்போது ஃபவுல் பக்கத்திலேயே நின்று பார்ப்பதுதான் சரி.

ஃபர்ஸ்ட் பேஸில் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பாதித் தகராறு இங்கேதான். எறி நேராக வருகிறதா என்று முதலில் பாருங்கள். நேராக வந்தால் பந்தை விட்டுவிட்டுக் கண்ணைப் பேஸுக்குக் கொண்டுபோங்கள், ரன்னர் கால் பேஸில் படுவதைக் கண்ணால் பாருங்கள், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் கேளுங்கள். சத்தம் முந்தினால் அவுட். இதுதான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுக்கும் முறை. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் ஆடும்போது கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரத்தில் எந்தக் கையுறைச் சத்தத்தைக் கேட்பது? அங்கே நான் வழக்கத்தைவிட மூன்று நாலு அடி பின்னால் போய்விடுவேன், அப்போது பேஸும் கையுறையும் ஒரே பார்வைக்குள் அடங்கும். காதை நம்ப முடியாத இடத்தில் கண்ணுக்கு அகலம் கொடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

எறி கோணலாக வந்தால் கணக்கே வேறு. பிடிக்கிறவர் கால் பேஸை விட்டு வந்துவிட்டதா, பந்து தட்டுத்தடுமாறிப் பிடிபடாமல் துள்ளுகிறதா, இழுத்துப் பிடித்து ஓடுகிறவரைத் தொட்டாரா என்று மூன்று கேள்வி. உங்கள் இடத்திலிருந்து கால் தெரியவில்லை என்றால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல் பிளேட் அம்பயரைக் கேளுங்கள். ஃபர்ஸ்ட் பேஸ் கோட்டோரமாக அவரும் பின்னாலேயே வந்திருப்பார், வந்திருக்க வேண்டும்.

சில ஆட்டங்களில் ஃபர்ஸ்ட் பேஸில் இரட்டை பேஸ் போட்டிருப்பார்கள், பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. இருவரும் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. பந்தும் ஆளும் போட்டி போட்டு வரும்போது அடித்து ஓடி வருகிறவருக்கு ஆரஞ்சு, பிடிக்கிறவருக்கு வெள்ளை. இன்னொரு விஷயம், ஃபர்ஸ்ட் பேஸைத் தொட்டுத் தாண்டி ஓடியவர் இடது பக்கம் திரும்பிவிட்டாலே டேக் பண்ணி, அதாவது பந்தோடு தொட்டு அவுட் எடுக்கலாம் என்று மைதானத்தில் பாதிப் பேர் அடித்துச் சொல்வார்கள். அப்படி இல்லை. செகண்ட் பேஸுக்கு ஓட முயன்றாரா என்பதுதான் கேள்வி, எந்தப் பக்கம் திரும்பினார் என்பது ஒரு பொருட்டே இல்லை.

பந்து அவுட்ஃபீல்டுக்குப் போய்விட்டதா? அப்போது எதிர்த் திசை. பந்து உள்ளே இருந்தால் நாம் வெளியே, பந்து வெளியே போனால் நாம் உள்ளே. இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணினால் பாதி வேலை முடிந்தது. ஃபர்ஸ்ட் பேஸுக்கும் பந்து போடும் பிட்சருக்கும் நடுவிலுள்ள வெளியில் வேகமாக உள்ளே ஓடி வந்து, சட்டென்று கொக்கி மாதிரித் திரும்பி, ரன்னர் ஃபர்ஸ்ட் பேஸைத் தொடுகிறாரா என்று பாருங்கள். தொடாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, நீங்கள் பார்த்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, எதிரணி அப்பீல் பண்ணினால் மட்டும்தான் அவுட். அங்கிருந்து ரன்னரோடு கூடவே, அவரைவிட ஓரிரு அடி முன்னாலேயே செகண்ட் பேஸை நோக்கி உள்பக்கமாக நகருங்கள். வேறு ரன்னர் இல்லாதபோது தேர்டு பேஸ் வரைக்கும் அவர் உங்கள் ஆள்தான்.

ஃபர்ஸ்ட் பேஸில் ஆள் ஏறியதும்

இப்போது ஃபர்ஸ்ட் பேஸுக்கும் செகண்ட் பேஸுக்கும் நடுவில், பேஸ் கோட்டுக்கு வெளியே 10-15 அடி தள்ளி, செகண்ட் பேஸ்மேனுக்குத் தொந்தரவு இல்லாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். செகண்ட் பேஸிலோ தேர்டு பேஸிலோ ஆள் இருந்தால், அந்தப் பக்கம் போய் ஷார்ட் ஸ்டாப்புக்கு அருகில், செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில். ஏன் உள்ளே நிற்கக் கூடாது என்று கேட்பீர்கள். முதல் காரணம் உங்கள் பல். இன்னொரு காரணம் விதி. அடித்த ஃபேர் பந்து, பிட்சரைத் தவிர வேறு இன்ஃபீல்டர் யாரையும் தாண்டுவதற்கு முன் உங்கள் மேல் பட்டால் பந்து செத்துவிடும், அதாவது ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், அடித்தவருக்கு ஃபர்ஸ்ட் பேஸ் இலவசம். ஒரு டபுள் பிளே உங்கள் முழங்காலில் பட்டு வீணாய்ப் போனால் அந்த அணி உங்களை எளிதில் மறக்காது.

ஸ்லோ பிட்ச்சில் ரன்னர் முன்கூட்டியே பேஸை விட்டுக் கிளம்பக் கூடாது. பந்து பிளேட்டுக்கு வரும் வரைக்கும், அல்லது மட்டையில் படும் வரைக்கும் கால் பேஸிலேயே இருக்க வேண்டும். முன்னால் கிளம்பினால் பந்து செத்தது, அந்தப் பந்து கணக்கில் இல்லை, ரன்னர் அவுட். பிளேட் அம்பயர் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆகவே இது உங்கள் கண். பந்தின் வளைவு உச்சியிலிருந்து இறங்கும்போது என் கண் ரன்னர் காலுக்குப் போய்விடும், மட்டைச் சத்தம் கேட்கும்போது கால் பேஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே பந்துக்குத் திரும்புவேன்.

டபுள் பிளேதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. பந்து தரையோடு ஷார்ட் ஸ்டாப்பிடம் போகிறது, செகண்டில் ஒரு ஃபோர்ஸ், அப்புறம் ஃபர்ஸ்டில் ஒன்று. பின்னால் ஆள் வருவதால் ஓடியே ஆக வேண்டிய ரன்னரை, அவரைத் தொடாமல் பந்தோடு பேஸை மிதித்தே எடுக்கும் அவுட்தான் ஃபோர்ஸ். இரண்டையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். செகண்ட் பேஸை நோக்கி ஒன்றிரண்டு அடி எடுத்துவைத்து நின்று, முதல் அவுட்டைப் பாருங்கள். அவுட் என்று கையைக் காட்டிக்கொண்டே ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் திரும்புங்கள். பந்தின் பின்னாலேயே உடம்பு திரும்பட்டும், அதைவிட முன்னால் திரும்பிவிடாதீர்கள். நான் செய்த தப்பு இதுதான். ஒரு தடவை செகண்டில் பந்து கையுறைக்குள் போனதும் அவுட் என்று கையை ஓங்கிவிட்டு ஃபர்ஸ்டைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். பின்னால் பந்து கையுறையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது எனக்கு மட்டும் தெரியவில்லை, மைதானத்தில் இருந்த மற்ற எல்லாருக்கும் தெரிந்தது, டீ விற்க வந்தவர் உட்பட. பந்தைப் பிடித்து அடுத்த எறிக்குக் கை மாற்றும்போது நழுவினால் பிடித்தது பிடித்ததுதான், பிடிக்கும்போதே நழுவினால் அவுட் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்க அரை நொடி அங்கே கண் நிற்க வேண்டும். அந்த அரை நொடியில் ஃபர்ஸ்ட் பேஸை இழந்துவிட மாட்டீர்கள், பந்து போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும்.

டேக் வேறு மாதிரி. ஃபோர்ஸுக்குத் தள்ளி நிற்கலாம், டேக்குக்குக் கொஞ்சம் கிட்டே வாருங்கள், 10-12 அடி. ரன்னருக்கும் கையுறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி உங்களுக்குத் தெரிய வேண்டும், பிடிப்பவரின் முதுகு தெரிந்தால் நீங்கள் தப்பான பக்கம் நிற்கிறீர்கள். தொட்ட பிறகும் பந்து கையுறைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மண் தரையில் சறுக்கினால் எழும்புகிற புழுதி அடங்குகிற வரைக்கும் காத்திருப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஃபர்ஸ்டில் ஆள் இருக்கும்போது அடி அவுட்ஃபீல்டுக்குப் போனால், முன்னால் ஓடுகிறவர் தேர்டு பேஸ் போனால் பிளேட் அம்பயர் அங்கே வருவார், பின்னால் வருகிறவர் உங்களுடையவர். வழக்கம் இது. அவர் வருவதைக் கண்ணால் பார்த்து, "தேர்டு எனக்கு" என்று அவர் கத்துவதைக் காதால் கேட்டு உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். வயதான பிளேட் அம்பயர் என்றால் பத்து மணிக்கு மேல் வர மாட்டார், அதையும் ஆட்டத்துக்கு முன்பே நாசூக்காகக் கேட்டுக்கொள்வது நல்லது.

மேலே போன பந்து

ரன்னர் இல்லாமல் நீங்கள் கோட்டோரம் நிற்கும்போது வலது அவுட்ஃபீல்டில் சிக்கலான உயரப் பந்து போனால் நீங்களே வெளியே ஓடிப்போய்ப் பார்க்கலாம். போனால் போனதுதான், பாதியில் திரும்பி வரக் கூடாது. ரன்னர் எல்லாம் அப்போது பிளேட் அம்பயர் பொறுப்பு. "போறேன்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள், பிடிக்கப்போகிறவரைப் பாருங்கள், அவர் ஓட்டமே பந்து எங்கே விழும் என்று சொல்லிவிடும்.

பேஸில் ரன்னர் இருந்தால் டேக் அப் பார்க்க வேண்டும், அதாவது உயரப் பந்து பிடிப்பவரைத் தொடும் வரை ரன்னர் கால் பேஸிலேயே இருந்ததா என்று. பிடிப்பவரும் பேஸில் காத்திருக்கும் ரன்னர் காலும் ஒரே கோட்டில், ஒரே பார்வையில் வருகிற இடத்துக்கு நகருங்கள். பந்து கையுறையில் முதலில் பட்ட நொடியில் ரன்னர் கிளம்பலாம், முழுதாகப் பிடித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பந்து கையில் துள்ளித் துள்ளிப் பிடிபடும்போது ரன்னர் ஓடிவிட்டார் என்று எதிரணி குதிக்கும், முதல் தொடுதலைப் பார்த்தவர் நீங்கள், நீங்கள் சொல்வதுதான்.

இன்ஃபீல்டு ஃப்ளை. இரண்டு அவுட் ஆகியிருக்கக் கூடாது. ஃபர்ஸ்ட், செகண்ட் இரண்டிலும் ஆள், அல்லது மூன்றிலும் ஆள். ஃபேர் உயரப் பந்து, இன்ஃபீல்டர் ஒருவர் சிரமமில்லாமல் பிடிக்கக்கூடியது. அப்படியானால் பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட், ரன்னர்கள் விருப்பப்பட்டால் ஓடலாம். வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு இரண்டு பேரை அவுட் எடுக்கும் குறுக்குவழியை அடைக்க வந்த விதி இது. பிளேட் அம்பயர் சொல்ல மறந்தால் நீங்கள் சொல்லலாம், வலது கையை நேராக மேலே தூக்கி எல்லாருக்கும் கேட்கும்படி. "சிரமமில்லாமல்" என்பதுதான் வழுக்குகிற வார்த்தை. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பிவிட்டால், காலையில் பிட்சர் தலைக்கு மேல் விழுந்த அதே பந்து தேர்டு பேஸ்மேனை நாலு அடி பின்னால் இழுத்துக்கொண்டு போகும். பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது, பிடிப்பவர் அடியில் வந்து நின்றுவிட்டாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கை, வாய், தகராறு

அவுட் என்றால் வலது கை முஷ்டி, சேஃப் என்றால் இரண்டு கையும் பக்கவாட்டில் விரித்து. எல்லாருக்கும் தெரிகிற அவுட்டுக்கு அமைதியாகக் கையைக் காட்டினால் போதும், நூலிழையில் போகிற ஆட்டத்துக்குத்தான் தொண்டை. ஃபவுலுக்குச் சத்தம் போட வேண்டும், ஃபேர் பந்துக்கு வாயே திறக்கக் கூடாது, உள்பக்கம் விரலைக் காட்டினால் போதும். தப்பித்தவறி "ஃபேர்" என்று கத்தினால் பாதி மைதானம் அதை "ஃபவுல்" என்று கேட்டு நின்றுவிடும்.

பந்து கையில் இல்லாத தடுப்பாளர் ரன்னர் வழியை மறித்தால் அது அப்ஸ்ட்ரக்ஷன், இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் ஓடட்டும். முடிந்த பிறகு, மறிக்காமல் இருந்தால் அவர் எந்த பேஸ் சேர்ந்திருப்பார் என்று யோசித்து அதைக் கொடுங்கள். ரன்னர் தடுப்பாளரை இடைஞ்சல் பண்ணினால் இன்டர்ஃபியரன்ஸ், அங்கே காத்திருக்கக் கூடாது, இரண்டு கையையும் தூக்கி அப்போதே நிறுத்துங்கள்.

இரண்டு அவுட் ஆனபின் ரன்னர் ஹோமுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மூன்றாவது அவுட் எடுத்தால் சத்தமாகச் சொல்லுங்கள். அது ஃபோர்ஸ் அவுட் என்றால், அல்லது அடித்தவர் ஃபர்ஸ்டைத் தொடும் முன் அவுட் என்றால், அந்த ரன் செல்லாது, எவ்வளவு முன்னால் பிளேட்டைத் தொட்டிருந்தாலும். டேக் அவுட் என்றால் எது முந்தியது என்பதைப் பொறுத்தது, உங்கள் குரலை வைத்துத்தான் பிளேட் அம்பயர் கணக்குப் பண்ணுவார்.

தகராறு வரும். 1887-ல் சிகாகோவில் ஒரு படகுக் கிளப்பின் கூடத்துக்குள் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கித்தான் இந்த ஆட்டத்தையே ஆரம்பித்தார்கள், குத்துச்சண்டைக்குப் பேர்போன நம் ஏரியாவில் அது கொஞ்சம் பழைய ரூபத்துக்குத் திரும்பப் பார்த்தால் ஆச்சரியப்படக் கூடாது. கேப்டன் ஒருவரிடம் மட்டும் பேசுங்கள். "இன்னாண்ணா, கால் பேஸ்லயே இல்லண்ணா, பாத்தியா நீ?" என்று கேட்டால், "பார்த்தேன்ப்பா, பந்து வந்தப்ப கால் இருந்துச்சு" என்று பார்த்ததைச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். சத்தம் போட்டார்கள் என்பதற்காகத் தீர்ப்பை மாற்றினால் அடுத்த இன்னிங்ஸில் மற்ற அணி அதைவிடச் சத்தமாகக் கத்தும், அதுவும் நியாயம்தானே. பார்வையில் விழுந்த முடிவுக்கு முறையீடு கிடையாது, விதியைத் தப்பாகப் பயன்படுத்தியிருந்தால் உண்டு. உங்களுக்கே சந்தேகம் என்றால் பிளேட் அம்பயரைத் தனியாக, ஆட்டக்காரர்கள் காதில் விழாத தூரத்துக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். அவர் உங்கள் தீர்ப்பை மாற்ற முடியாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும், மாற்றினால் ஒரே தடவையில் தெளிவாக மாற்றுங்கள்.

இன்னிங்ஸுக்கு நடுவில் வலது பக்கப் புல்வெளி ஓரமாகப் போய் நின்று தண்ணீர் குடியுங்கள், எந்த அணியின் பெஞ்சிலும் போய் உட்காராதீர்கள், தம்பி மச்சான் யார் ஆடினாலும் சரி.

ஆட்டம் முடிந்ததும் பேஸ்களைக் கழற்றி மூட்டை கட்டுவது பல நாள் பேஸ் அம்பயர் தலையில்தான் விழும். அடித்த ஆணிகளை எண்ணி எடுங்கள். அதே இடத்தில் பத்து நிமிடத்தில் பையன்கள் வெறுங்காலோடு ஃபுட்பால் ஆட வந்துவிடுவார்கள்.